ஆற்காட்டு ரூபாய் எங்கே அடிக்கப்பட்டது?

இரண்டாம் ஆலம்கீரின் பெயர், ஆற்காடு என்ற அக்கசாலைப் பெயர், ஹிஜ்ரி 1172, ஆட்சியாண்டு 6. இத்தனையும் பாரசீக எழுத்தில் பொறித்த வெள்ளி ரூபாய் தென்னிந்தியாவில் அரிய பொருளன்று. பாரசீகம் படிக்கத் தெரிந்தவர் கையில் அது கிடைத்தால், 1758-59இல் முகலாயப் பேரரசர் ஒருவரின் ஆணைப்படி ஆற்காட்டில் அடித்த காசு என்று உடனே சொல்லிவிடுவார். படித்ததில் பிழை இருக்காது. ஆனாலும் ஆண்டு, இடம், அதிகாரம் மூன்றுமே தவறாக இருக்கக்கூடும். கிழக்கிந்தியக் கம்பெனி ஆற்காட்டு ரூபாய் அடிக்கும் உரிமையை 1742இல் பெற்றது. பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு ஆறு ஆண்டு முன்பே, 1736இல், புதுச்சேரிக்காக அதே உரிமையை வாங்கியிருந்தார்கள். ஆலம்கீர் 1759இல் கொலையுண்டார். அவர் பெயரும் 1172 என்ற ஆண்டும் மட்டும் மாறவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளிலும் சென்னைக் கோட்டையின் அக்கசாலை அதே எழுத்துகளை அடித்துக்கொண்டிருந்தது. ஒரு கட்டத்தில் கல்கத்தாவும் சென்னைக்காக அடித்துக் கொடுத்தது. இவற்றைப் பிரித்தறிய உதவுபவை எழுத்துகளுக்கு இடையே ஒதுங்கியிருக்கும் சின்னக் குறிகள்தான். தாமரை இருந்தால் சென்னை, பிறை இருந்தால் புதுச்சேரி, ரோஜா இருந்தால் கல்கத்தா. காசின் வட்டம் கையால் அடித்ததுபோல் கோணலாக இருக்கிறதா, இயந்திரத்தில் பிறந்ததுபோல் சீராக இருக்கிறதா என்பது அடுத்த தடயம். பழங்காசை இனங்காணும் முறையைப் பற்றி இக்கட்டுரை சொல்ல வருவது இந்தக் காசிலேயே அடங்கியிருக்கிறது. காசின் மேல் உள்ள வாசகம், அதை வெளியிட்டவர் பயனாளியிடம் சொல்ல விரும்பிய செய்தி. காசு உண்மையில் எங்கே, எப்போது, யாரால் ஆக்கப்பட்டது என்பதற்கு, வெளியிட்டவர் சொல்ல நினைக்காமல் விட்டுச்சென்ற தடயங்களே வலுவான சான்று.

இதை ஏமாற்று என்று எடுத்துக்கொண்டால் வழி தவறிவிடும். வங்காளத்தின் சிக்கா ரூபாயைப் பார்த்தால் காரணம் விளங்கும். முகலாய வழக்கப்படி ரூபாயில் ஆட்சியாண்டு பொறிக்கப்பட்டது. புதிய ஆண்டின் காசுக்கு முழு மதிப்பு, ஆண்டு திரும்பியதும் அதே வெள்ளிக்குக் காசு மாற்றும் சராப்புகள் வட்டம் (கழிவு) பிடித்தார்கள். வரி கட்டும் குடியானவன் கையில் இருந்த ரூபாய், எடையில் ஒரு மணியும் குறையாமலே, ஆண்டுதோறும் மலிந்தது. இந்தத் தொல்லையை ஒழிக்கக் கம்பெனி எடுத்த வழி எளிமையானது: காசின் ஆண்டையே நிறுத்திவைத்துவிட்டது. இரண்டாம் ஷா ஆலமின் 19ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1770களின் பிற்பகுதி, வங்காள ரூபாயில் நிலையாக உறைந்தது. 1793 முதல் இயந்திரத்தில் அடித்த சிக்காக்களிலும் அதே 19, முர்ஷிதாபாத் என்ற அதே அக்கசாலைப் பெயர். அடித்த இடமோ பெரும்பாலும் கல்கத்தா. ஷா ஆலம் 1806இல் இறந்த பிறகும் இது தொடர்ந்தது. 1835இல் நான்காம் வில்லியம் உருவம் தாங்கிய பொது ரூபாய் வந்தபோதுதான் அந்த உறைநிலை முடிவுக்கு வந்தது. நாற்பது ஆண்டுக்கு மேல் ஒரே ஆண்டைச் சொல்லும் காசுகளை எப்படிப் பிரிப்பது? விளிம்பைப் பார்த்துத்தான். 1793 முதல் 1818 வரை விளிம்பில் சாய்ந்த வரிகள், 1818 முதல் 1832 வரை நேர் வரிகள், அதன்பின் வழவழப்பான விளிம்பு. எழுத்தில் ஆண்டைத் தேடுபவர் இவை எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போடுவார். விளிம்பைத் தடவிப் பார்ப்பவருக்கு மூன்று காலங்கள் கிடைக்கும். விளிம்பின் வரிகள் வெள்ளியைச் சுரண்டி எடுப்பதைத் தடுக்க வந்த ஏற்பாடு. அவை ஒருநாள் காலக்கணிப்புக்கு உதவும் என்று அக்கசாலையில் எவரும் நினைத்திருக்க மாட்டார்கள். அதனால்தான் அவற்றை நம்பலாம்.

உலகில் இதற்கு மிகப் பெரிய எடுத்துக்காட்டு மரியா தெரேசா தாலர். ஆஸ்திரியாவை ஆண்ட அந்த அரசி 1780 நவம்பரில் மறைந்தார். அவர் மார்பளவு உருவமும் இரட்டைத் தலைக் கழுகும் 1780 என்ற ஆண்டும் தாங்கிய வெள்ளிக்காசு இன்றுவரை வியன்னாவில் அடிக்கப்படுகிறது. செங்கடல் கரையோரம், ஏமன், எத்தியோப்பியா ஆகிய இடங்களின் வணிகர்கள் இந்தக் காசைத் தவிர வேறொன்றை வாங்க மறுத்ததுதான் காரணம். 1868இல் அபிசீனியா மீது படையெடுத்த பிரிட்டிஷார்கூடச் செலவுக்கு இந்தக் காசையே திரட்டிக்கொண்டு போனார்கள். உருவத்தின் கீழ் உள்ள எஸ்.எப். என்ற எழுத்துகள் குன்ஸ்பூர்க் அக்கசாலையின் ஷோபல், பாபி என்ற இரு அதிகாரிகளைக் குறிப்பவை. அந்த அதிகாரிகளும் அந்த அக்கசாலையும் மறைந்த பின்னும் வியன்னாவும் வெனிஸும் மிலானும் அவர்கள் எழுத்துகளையே பொறித்தன. 1935இல் முசோலினி எத்தியோப்பியப் போருக்காக அச்சுகளை ரோமுக்கு வரவழைத்ததும் பிற நாடுகள் பொறுத்திருக்கவில்லை. லண்டன், பாரிஸ், பிரஸ்ஸல்ஸ் ஆகியவை தாங்களே அடிக்கத் தொடங்கின. 1940-41இல் பம்பாய் அக்கசாலையும் அடித்தது. எடை எல்லாவற்றிலும் 28.07 கிராம், ஆயிரத்தில் 833 பங்கு வெள்ளி. வாசகம், எடை, மாற்று மூன்றுமே கைவிடும் இடம் இது. மிஞ்சுவது அரசியின் தோள் ஊசியில் உள்ள முத்துகளின் எண்ணிக்கை, கழுகின் வால் இறகுகள், எழுத்துகளுக்கு இடையே விட்ட இடைவெளி, விளிம்பு அலங்காரத்தின் வடிவம் ஆகியவை. ஒவ்வோர் அக்கசாலையும் மூலத்தை அப்படியே பின்பற்ற முயன்று, ஒவ்வொரு விதமாகச் சிறிது வழுவியது. அந்த வழுவல்களைக் கொண்டே வால்ட்டர் ஹாஃப்னர் 1984இல் ஒரு தனி அகராதியே தொகுத்தார். ஓர் இறகைக் கூட்டிப் போட்ட பொறிப்பாளர் தன் ஊரை எழுதிவைக்கிறோம் என்று அறிந்திருக்க மாட்டார்.

காலனிய வணிகத்தோடு பிறந்த வழக்கமும் அன்று இது. அலெக்சாந்தர் கி.மு. 323இல் இறந்தார், அவர் பெயரில் ஹெரக்ளீஸ் தலையும் சியஸ் தெய்வமும் கொண்ட நான்கு திரம்ம வெள்ளிக்காசுகளை, கருங்கடல் கரை நகரங்களான ஒடெஸ்ஸோஸும் மெசெம்பிரியாவும் கி.மு. முதல் நூற்றாண்டு வரை அடித்தன. பெயரைப் படிப்பவருக்கு எல்லாம் அலெக்சாந்தர் காலத்தவை. தகட்டின் அகலத்தைப் பார்ப்பவருக்கு, பிற்காலத்தவை மெலிந்து பரந்திருப்பது தெரியும். கிழக்கே சீனத்தில், 1078 முதல் 1085 வரை இருந்த யுவான் ஃபெங் ஆட்சிக்காலப் பெயரைச் சோங் அரசின் செப்புக்காசுகளில் காணலாம். அதே பெயரை ஜப்பானின் நாகசாகியில் 1659க்கும் 1685க்கும் இடையே ஏற்றுமதிக்காக வார்த்தார்கள். சீன எழுத்து தெரிந்தவரும் ஆறு நூற்றாண்டு பிழைபட வாய்ப்புண்டு. எழுத்தின் கோடும் செம்பின் நிறமும் ஓரத்தின் அகலமும்தான் திருத்தும். உண்மையான சோங் காசு என்று தெளிந்த பிறகும் ஓர் எச்சரிக்கை வேண்டும். பழைய தஞ்சாவூர் மாவட்டப் பகுதியில் சீனக் காசுகள் கிடைத்திருக்கின்றன. 1077இல் சோழநாட்டிலிருந்து 72 பேர் கொண்ட தூதுக்குழு சோங் அரசவைக்குச் சென்று, பதிலுக்குப் பெருந்தொகையான செப்புக்காசுகளோடு திரும்பியதாகச் சீன வரலாறு சொல்கிறது. இரண்டையும் முடிச்சுப்போட ஆசை எழுவது இயல்பே. ஆனால் சோங் காசுகள் பல நூற்றாண்டுகள் புழக்கத்தில் இருந்தவை. காசின் ஆண்டு, அது அதற்கு முன் வந்திருக்க முடியாது என்பதை மட்டும் சொல்லும். எப்போது வந்தது என்று சொல்லாது.

எழுத்தின் பொருளைவிட எழுத்தின் பிழை அதிகம் சொல்லும் காசுகளும் உண்டு. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு பொற்காசு இருக்கிறது. அதில் அரபு வாசகம்; இஸ்லாமிய நம்பிக்கை மொழி; ஹிஜ்ரி 157, அதாவது கி.பி. 774 என்ற ஆண்டு. அப்பாசிய கலீபா அல்-மன்சூரின் தினாரை ஒட்டியது. நடுவே லத்தீன் எழுத்தில் ஓஃபா மன்னன் என்ற பெயர், அரபு வரிகளுக்குத் தலைகீழாக. ஓஃபா இங்கிலாந்தின் மெர்சியா நாட்டைக் கி.பி. 796 வரை ஆண்ட கிறித்துவ மன்னன். அரபு எழுத்துகளில் உள்ள பிழைகள், பொறித்தவர் அவற்றைப் படிக்கத் தெரியாமல் கோலமாகப் பார்த்து வரைந்தார் என்பதைக் காட்டுகின்றன. அந்தப் பிழைகள் இல்லாவிட்டால் பாக்தாத்திலிருந்து வந்த தினாரில் யாரோ பின்னால் பெயர் சேர்த்தார்கள் என்றுகூட வாதிடலாம். மேற்கு இந்தியாவின் கதையா காசுகளில் இந்தப் பிழை ஒரு வரலாறாகவே நீள்கிறது. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டுச் சாசானிய அரசர் பெரோஸின் தலையும் தீப்பீடமும் குஜராத், ராஜஸ்தான் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்துப் பொறிக்கப்பட்டு, கடைசியில் புள்ளிகளும் கோடுகளுமாகத் தேய்ந்தன. ஒரு தனிக் காசில் வெறும் கிறுக்கலாகத் தெரிவது, வரிசையில் வைத்தால் எத்தனையாவது படி என்று தெரியும் அளவுக்குத் தெளிவாகிறது.

இந்த வாதத்துக்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. உறைந்த காசுகள் விதிவிலக்கு. பெரும்பான்மைக் காசுகளின் வாசகம் உண்மையையே சொல்கிறது. விதிவிலக்கைக் கொண்டு வாசகத்தையே சந்தேகிப்பது மிகை என்பார்கள். இஸ்லாமியக் காசுகள் இந்த மறுப்பின் சிறந்த ஆதாரம். கலீபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77இல் செய்த சீர்திருத்தத்துக்குப் பின், திர்ஹம்களில் அக்கசாலையும் ஆண்டும் தவறாமல் பொறிக்கப்பட்டன. வட ஐரோப்பாவில் புதைந்து கிடைக்கும் வைக்கிங் புதையல்களின் காலத்தைக்கூட இந்த அரபு ஆண்டுகளைக் கொண்டே கணிக்கிறார்கள். இதை மறுக்கவில்லை. வாசகத்தைப் படிக்காமல் காசை அடையாளம் காண முடியாது, படிப்புதான் முதற்படி. கேள்வி, வாசகத்தை நம்பலாம் என்ற முடிவு எங்கிருந்து வருகிறது என்பதுதான். கலீபாவின் பெயரைக் காசில் பொறிப்பது ஆட்சியுரிமையின் அடையாளம். ஆட்சி மாறினால் காசு மாறியாக வேண்டும். அந்த ஏற்பாடு வலுவாக இருந்ததால் வாசகம் உண்மை சொன்னது. ஏற்பாடு தளர்ந்த இடத்தில் அதே எழுத்து பொய்த்தது. சுவீடனின் கோட்லாந்து தீவில் 1999இல் கிடைத்த ஸ்பில்லிங்ஸ் புதையலில் 14,000க்கும் மேற்பட்ட வெள்ளிக்காசுகள் இருந்தன. அவற்றில் ஒன்று அப்பாசிய திர்ஹம் போலத் தோன்றியது. உற்றுப் பார்த்தால் மூசா இறைத்தூதர் என்ற வாசகம். யூத மதம் தழுவிய கசார் மக்களின் வெளியீடு அது. 837-38இல் கசார் நாட்டின் பெயரோடு வந்த காசுகளுக்கும் இதற்கும் இடையிலான அச்சுத் தொடர்பால்தான் அதன் இடமும் காலமும் உறுதியாயின. ஒரே அச்சு இரண்டு காசுகளில் தடம் பதித்திருந்தால், அவை ஒரே கூடத்தில் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தவை. அச்சில் விழுந்த ஒரு கீறல், ஆயிரம் மைல் தள்ளிக் கிடைத்த இரு காசுகளை உடன்பிறப்புகளாக்கிவிடும். எந்த அரசாணையும் இவ்வளவு உறுதியாகச் சாட்சி சொல்லாது.

காசைப் பயன்படுத்தியவர்களுக்கு இது தெரிந்தே இருந்தது. ஏதென்ஸில் கி.மு. 375-374இல் நிகோஃபோன் முன்மொழிந்த சட்டம் கல்லில் பொறித்த நிலையில் 1970இல் அகோரா அகழாய்வில் கிடைத்தது. சந்தையில் பணப் பலகைகளுக்கு நடுவே அமர்ந்து வெள்ளிக்காசைச் சோதிப்பது ஓர் அரசு அடிமையின் வேலை. உட்காரத் தவறினால் 50 கசையடி. உள்ளே செம்போ ஈயமோ வைத்து வெள்ளி போர்த்த காசை அவர் வெட்டிவிட வேண்டும், அது பறிமுதலாகும். வெளிநாட்டில் ஏதென்ஸின் ஆந்தை முத்திரையைப் பார்த்து அடித்தது, ஆனால் நல்ல வெள்ளி என்றால், கொண்டுவந்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். முத்திரை ஒன்றாக இருந்தும் மூன்று வகையாகப் பிரிக்கிறது அந்தச் சட்டம். பிரிக்கும் கருவி கண்ணும் கையும் உளியும்தான். தமிழகத்தில் இதே தொழிலைச் செய்தவர்கள் வண்ணக்கர்கள். சங்கப் புலவர் சிலர் அந்தத் தொழிற்பெயரோடே அறியப்படுகிறார்கள். புதுக்கோட்டையில் 1898இல் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றின் அரச முகத்தில் ஆழமான உளி வெட்டு இருக்கிறது. அந்த வெட்டின் காரணம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு: காசாகச் செல்லாததாக்கிப் பொன்னாக மட்டும் கொள்ளவா, வேறு அரசனின் முகத்தைச் சிதைக்கவா? எனக்கு முதற்காரணமே பொருத்தமாகப் படுகிறது, வெட்டிய காசும் கவனமாகச் சேர்த்து வைக்கப்பட்டிருப்பதால். எதுவாயினும், ரோமில் அடித்த காசு தென்னகத்தில் எவ்வாறு நடத்தப்பட்டது என்பதற்கு அந்த வெட்டே சான்று.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. வாசகத்தைப் போலவே எடையையும் மாற்றையும் விளிம்பையும் கூடப் போலி செய்யலாமே? பதினாறாம் நூற்றாண்டில் பாதுவா நகரத்து ஜொவான்னி தா கவீனோ, ரோமானியப் பித்தளைக் காசுகளைப் போல அழகான அச்சுகளைச் செதுக்கினார். அவருடையவை பல காலம் அறிஞர்களையும் மயக்கின. இன்றைய போலிகள் உலோகக் கலவை வரை ஒத்திருக்கின்றன. இதை ஏற்கத்தான் வேண்டும். ஒற்றைத் தடயம் எதுவும் போதாது. ஆனால் எழுத்தில் பொய் சொல்லச் செலவில்லை. உலோகத்தில் பொய் சொல்லச் செலவு உண்டு. போலி செய்பவர் தனக்குத் தெரிந்ததை மட்டுமே போலி செய்ய முடியும். முன்புற அச்சுக்கும் பின்புற அச்சுக்கும் உள்ள கோணம் ஒவ்வோர் அக்கசாலைக்கும் ஒரு வழக்கமாக இருந்தது. அது போலி செய்பவர் கவனத்துக்கு வருவதற்கு முன்பே காசு விற்பனைக்கு வந்துவிடுகிறது. அச்சடித்த உலோகம் ஓரத்தை நோக்கிப் பாய்ந்து நுண்ணிய வரிகளை விடும். வார்த்த காசில் அவை இராது, மாறாகக் குமிழ்களும் இணைப்புத் தடமும் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு காசுகளில் அதே இடத்தில் அதே கீறலும் அதே தேய்மானமும் இருந்தால் இரண்டில் ஒன்றாவது போலி. அச்சில் இருந்த குறை பல காசுகளில் வரலாம். புழக்கத்தில் பட்ட அடி இரண்டு முறை ஒரே மாதிரி விழாது.

இப்போது கைபேசியில் படம் பிடித்தால் காசின் பெயர் வந்துவிடுகிறது. இந்த வசதியை இகழ வேண்டியதில்லை. முற்றிலும் அறியாத எழுத்துள்ள காசை நாடும் நூற்றாண்டும் வரை கொண்டுசேர்க்க அது உதவும். ஆனால் படம் பொருத்துவது காசின் மாதிரியைத்தான். உறைந்த முத்திரையின் பிரச்சினை அந்த மாதிரி ஒன்றாக இருப்பதிலேயே தொடங்குகிறது. 1780 என்று காட்டும் தாலரின் படம், அதை அடித்த அத்தனை ஊர்களுக்கும் பொருந்தும். விளிம்பு படத்தில் தெரியாது, எடை தெரியாது, அச்சுக்கோணம் தெரியாது. நூற்றில் ஒரு கிராம் வரை காட்டும் தராசு, அளவுகோல், உருப்பெருக்கி, தண்ணீரில் மூழ்கவைத்து அடர்த்தி காணும் முறை ஆகியவை போதும். தூய வெள்ளிக்கு அடர்த்தி 10.5, பொன்னுக்கு 19.3 என்ற இரண்டு எண்களே பல பொய்களைக் காட்டிக்கொடுக்கும். நம் வீடுகளில் பழங்காசு கிடைத்தவுடன் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கும் வழக்கம் இருக்கிறது. அந்தத் தேய்ப்பில் போவது அழுக்கு மட்டுமன்று. செம்பின் மேல் பச்சையாகப் படிந்த களிம்பு பல நூற்றாண்டு மண்ணின் வேலை. போலியில் அது ஒட்டவைத்ததுபோல் உரிந்து வரும். தேய்த்த பின் உண்மைக் காசும் போலியும் ஒரே மினுக்கில் நிற்கும்.

எல்லாத் தடயங்களிலும் எளிதில் அழிவது கிடைத்த இடம். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆயினும் வயலில் கிடைத்த காசுகள் உருக்குக் கொட்டிலுக்கும், பிறகு இடம் சொல்லாத வணிகர் கைக்கும் போய்விடுவது புதிதன்று. கிடைத்த இடத்தைக் காசு தன் உடம்பில் சுமப்பதில்லை என்பதால், அதைத் தடயமாகக் கொள்வது காசுக்கு வெளியே போவதாகும் என்று சிலர் கருதுவார்கள். இலங்கையின் ரோமானியச் செப்புக்காசுகள் இதற்கு விடை சொல்லும். கி.பி. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சிறு செப்புக்காசுகள் அத்தீவில் ஏராளமாகக் கிடைத்துள்ளன. அவற்றோடு கலந்து, எழுத்துச் சிதைந்து, எடை குறைந்து, படம் கோணலான காசுகளும் உள்ளன. அத்தகைய காசு ஒன்று ஐரோப்பியச் சந்தையில் தனியாக வந்தால், பிரிட்டனிலோ தன்யூப் கரையிலோ செய்த முரட்டுப் போலி என்ற பெயரே அதற்கு விழும். அங்கும் அந்தக் காலத்தில் அப்படிப் பார்த்து அடித்தார்கள். எடையும் எழுத்தும் உலோகமும் அந்தப் பெயரை மறுக்க உதவாமல் போகலாம். இலங்கை மண்ணில், உண்மை ரோமானியக் காசுகளோடு, ஒரே குவியலில், பெருந்தொகையாகக் கிடைத்தன என்ற செய்திதான் அவற்றை உள்நாட்டுச் சில்லறைத் தேவைக்காக அங்கேயே அடித்த காசுகளாக அடையாளம் காட்டியது.